எழும்பின முகமும் குளித்த முகமும்

இன்று காலை வடையைக் காணவில்லை.

மழைக்காலம் முழுவதும் மூடிக்கிடந்த தொலைநோக்கியை நேற்றுதான் திறந்திருக்கிறார்கள். ஈரக்குடையைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டுக் கணினியைப் போட்டால், இரவு எடுத்த படங்கள் வரிசையாக வந்து கிடந்தன. முதல் படத்தைத் திறந்தேன். கண் தானாகவே இடதுபக்கக் கீழ் மூலைக்குப் போனது. அங்கே வெறும் வானம், சாம்பல் நிறத்தில், ஒரு மாசும் இல்லாமல். அடுத்த படத்தைத் திறந்தேன். அதிலும் இல்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். இந்தச் சேதியைச் சொல்ல இந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அது நீ. நீயும் இப்போது இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? வடசேரியில் மருந்துக்கடைக்கு மேலே இந்த மாடி அறை. ஒரு மேசை, இரண்டு திரை, ஓடினால் கடகடவென்று ஆடும் ஒரு மின்விசிறி. எங்கோ வடக்கே மலையுச்சியில் இருக்கும் தொலைநோக்கி இரவெல்லாம் எடுத்த படங்கள் காலையில் நம்மிடம் வரும். முதல் படத்தைப் பார்த்ததுமே நீ திரையின் மூலையில் விரலை வைத்துச் சிரித்தாய்.

"ஏட்டி, இஞ்ச பாரு! எவனோ வானத்துல உளுந்தவட சுட்டு வச்சிருக்கான்."

கேமராவின் கண்ணாடியில் ஒட்டிய ஒரு தூசியின் நிழல் அது. கண்ணுக்கு மிக அருகில் இருக்கும் தூசி தூசியாகத் தெரியாது. நடுவில் ஓட்டை விழுந்த மங்கலான வளையமாகத்தான் படத்தில் விழும். எந்தத் திசையில் தொலைநோக்கியைத் திருப்பினாலும் அது அதே மூலையில் இருக்கும். அன்றிலிருந்து அதற்கு வடை என்றே பெயர். மலையில் இருப்பவர்களுக்கு அனுப்பும் கடிதத்தில்கூட ஒருமுறை கைதவறி "வடை வழக்கம்போல" என்று எழுதி அனுப்பிவிட்டாய். அவர்கள் ஆளாளுக்கு அர்த்தம் கேட்டு எழுதினார்கள்.

நம் வேலையை வீட்டில் சொல்லிப் புரியவைக்க நம்மால் கடைசிவரை முடியவில்லை. மகள் நட்சத்திரம் பார்க்கிறாள் என்று என் அப்பா பூதப்பாண்டி முழுக்கச் சொல்லிவைக்க, ஒருநாள் பக்கத்துத் தெருக்காரர் பையனுடைய ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உன் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. உன் அம்மாவுக்கு இது ஏதோ போட்டோ ஸ்டூடியோ வேலை. அம்மா சொன்னதுதான் உண்மைக்குப் பக்கம் என்று நீ சொல்வாய்.

ஏனென்றால் நாம் பார்த்தது கழுவுவதற்கு முந்திய படத்தையும் கழுவிய படத்தையும். கேமரா எடுத்தபடியே வரும் மூலப்படத்தில் எல்லா அழுக்கும் இருக்கும்: தூசி நிழல், விண்வெளிக் கதிர்கள் மோதிய வெள்ளைப்புள்ளிகள், செயற்கைக்கோள் இழுத்துவிட்டுப் போன கோடு. ஒரு கணினி நிரல், வெறும் வெளிச்சத்தை மட்டும் எடுத்துவைத்த வெற்றுப்படம் ஒன்றோடு ஒப்பிட்டு, அதையெல்லாம் கழித்து, வகுத்து, திருத்திய படத்தைத் தரும். அந்த நிரலுக்குக் கண் கிடையாது. சில நாள் அழுக்கை விட்டுவிட்டு ஒரு மெல்லிய நட்சத்திரத்தைக் கழுவிவிடும். அதனால் முன்னதையும் பின்னதையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, பொத்தானைத் தட்டித் தட்டி மாற்றிப் பார்க்க வேண்டும். மாறும்போது எது துள்ளுகிறதோ அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

நீ அவற்றுக்கும் பெயர் வைத்தாய். மூலப்படம் எழும்பின மொகம், தூங்கி எழுந்தபடியே இருப்பது. திருத்தியது குளிச்ச மொகம். "குளிச்ச மொகத்த மட்டும் பாத்துப் பெண்ணு கெட்டாதே கேட்டியா" என்பாய். கல்யாணத் தரகர்கள்மேல் உனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

ஒவ்வொரு படத்துக்கும் இருவரும் அவரவர் கட்டத்தில் தனித்தனியாக மதிப்புப் போடவேண்டும்: நல்லது, சந்தேகம், தள்ளு. நாம் இருவரும் சண்டைபோட்டதெல்லாம் இதில்தான். உனக்கு எல்லாப் படமும் நல்ல படம். மூலையில் மேகம் கொஞ்சம் வந்தால் என்ன, நடுவில் உள்ள விண்மீன் மண்டலம் தெரிகிறதே என்பாய். "அந்த மலையில குளுருல உக்காந்து எடுத்திருக்கான் ஒருத்தன். சவத்த விடுட்டி, நல்லதுன்னு போடு." உன் தாராளத்தைப் பார்த்துப் பார்த்தே நான் கறாராகிப் போனேன். நீ விட்டுவிடுவாய் என்று தெரிந்ததால் நான் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பேன். இரண்டும் சேர்ந்தால் கணக்குச் சரியாக இருந்தது. மேலே இருப்பவர்களும் அதை அறிந்துதான் நம் இருவரையும் பிரிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தால், அது உண்மையா அழுக்கா என்று அறிய நமக்கு ஒரே வழிதான் இருந்தது. வேறொரு கேமரா அதே இடத்தை எடுத்த படத்தைத் தேடிப் பார்ப்பது. அதில் இல்லையென்றால் புள்ளி எந்திரத்தின் அழுக்கு. அதிலும் அதே இடத்தில் இருந்தால் அது வானத்தில் உள்ளது. இவ்வளவுதான் நம் படிப்பு மொத்தமும்.

உனக்கு வயிற்றுவலி வந்தபோது அதை வாயு என்றே நீ சொல்லிக்கொண்டிருந்தாய். கீழே இறங்கி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தாய். வலி போகவில்லை. கடைசியில் நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலின் ஓரத்தில் ஏதோ மங்கலாகத் தெரிகிறது, திருவனந்தபுரத்தில் ஒருதடவை எடுத்துப் பார்ப்பது நல்லது என்றார் டாக்டர். மறுநாள் நீ அறைக்கு வந்து பையை வைக்கும்போதே சொன்னாய்.

"எந்திரத்துக்க அழுக்கா இருக்கும். வட."

நான் சிரிக்கவில்லை. நீயும் நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்துச் சொன்ன மாதிரி இல்லை.

திருவனந்தபுரத்துக்கு உன்னோடு நான்தான் வந்தேன். உன் அண்ணன் செல்வின் அப்போது மஸ்கட்டில். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் வழியெல்லாம் ஜெபம் செய்து ஆளைப் பயமுறுத்திவிடுவாள் என்றாய். ஸ்கேன் முடிந்து ஃபிலிமைக் கையில் தந்தார்கள். அறிக்கை வாங்கப் பிறகு வரச்சொன்னார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்தாய். மடியில் இரண்டு பெரிய உறைகள், நாகர்கோவிலில் எடுத்தது ஒன்று, திருவனந்தபுரத்தில் எடுத்தது ஒன்று.

களியக்காவிளையில் பேருந்து நின்றது. பாதிப் பேர் இறங்கினார்கள். ஓட்டுநர் டீ குடிக்கப் போனார். மேற்கு வெயில் நேராக உன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, நாமளே பாத்துருவோமா?"

"டாக்டரு பாக்கட்டும்ட்டி. நமக்கு என்ன தெரியும்?"

"அவரு பாக்கத அவரு பாக்கட்டும். பாக்கதுதானே நமக்க வேல."

முதல் ஃபிலிமை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தாய். வரிசை வரிசையாகச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் உன் உடம்பின் ஒரு குறுக்குவெட்டு. ஒரு கட்டத்தில் டாக்டர் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். இரண்டாவது ஃபிலிமில் அதே மட்டத்தில் எடுத்த கட்டத்தைத் தேடினாய். உன் விரல் அவசரப்படவேயில்லை. கிடைத்ததும் ஒன்றை இறக்கி மற்றதை உயர்த்தினாய். மறுபடி அதை இறக்கி இதை உயர்த்தினாய். பொத்தானைத் தட்டும் அதே தாளம். நேந்திரங்காய் சிப்ஸ் விற்பவர் ஒருவர் ஜன்னலுக்குக் கீழே வந்து கூவினார். உன் கையில் இருந்ததைப் பார்த்ததும் கூவுவதை நிறுத்தினார்.

"நீ மார்க் போடு" என்றாய்.

"நான் டாக்டர் இல்லட்டி."

"மார்க்குதானே போடச் சொன்னேன். நாளு முழுக்கத் தள்ளு தள்ளுன்னு சொல்லுகவ, இன்னிக்கு மட்டும் வாயில என்ன வச்சிருக்க?"

உன் கையிலிருந்து இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். வெவ்வேறு ஊர், வெவ்வேறு எந்திரம். இரண்டிலும் அதே ஓரத்தில் அதே சாம்பல். இரண்டாவதில் கொஞ்சம் பெரிதாக இருந்ததுபோலவும் இருந்தது. அதை நான் சொல்லவில்லை, நீயும் பார்த்திருப்பாய்.

"ரெண்டுலயும் ஒரே எடத்துல இருக்குட்டி" என்றேன்.

நீ இரண்டு ஃபிலிமையும் திரும்ப வாங்கிக்கொண்டாய். பிறகு, எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல், அறையில் ஒரு படத்தைப் பார்த்து முடித்தவுடன் சொல்வாயே, அந்தக் குரலில் சொன்னாய்.

"அப்போ எந்திரம் இல்ல. வானந்தான்."

ஃபிலிம்களை மாறிப்போகாமல் அதனதன் உறையில் போட்டாய். ஜன்னலுக்குக் கீழே அப்போதும் போகாமல் நின்றிருந்தவரிடம் ஒரு பொட்டலம் சிப்ஸ் வாங்கினாய். "பசிக்குட்டி" என்று சொல்லி எனக்கும் தந்தாய். மார்த்தாண்டத்தில் நீ இறங்குவதற்குள் பொட்டலத்தைத் தின்று தீர்த்தோம். நீ இறங்கியதும் நான் அழ ஆரம்பித்து நாகர்கோவில்வரை அழுதேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த யாரோ ஒரு அம்மா தன் தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

உனக்கு நான் வேறு பதில் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பொய் சொன்னால் உன் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பேருந்தில் உன் மதிப்பு என்னுடையதைவிடக் கறாராக இருந்தது. அதுதான் என்னை இன்றும் உலுக்குகிறது. எல்லாப் படத்துக்கும் நல்லது போடுகிறவள் நீ, உன்னுடையதற்கு மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு வந்த அறிக்கையும் அதையேதான் சொன்னது. செல்வின் போனில் கதறினான். இன்னொரு ஆஸ்பத்திரி, இன்னொரு ஊர், இன்னொரு ஸ்கேன் என்றான். மருந்து தருகிற இடத்துக்கு வருகிறேன், படம் எடுக்கிற இடத்துக்கு இனி வரமாட்டேன் என்று நீ சொல்லிவிட்டாய். உன் பிடிவாதம் எல்லோருக்கும் தெரியும். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதன்பிறகு அறையை நான் உன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். மடிக்கணினியைப் பையில் போட்டு, வடசேரியில் பேருந்து ஏறி, உன் ஊரில் இறங்கி நடந்து வந்தால், கொடியில் ரப்பர் ஷீட் தொங்கும். அந்தப் புளித்த வாடை உன் கட்டில்வரை வரும். மருந்து வாடைக்கு இது எவ்வளவோ மேல் என்பாய். முடி கொட்டியபின் முதல்தடவை நான் வந்தபோது என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு சிரித்தாய். "இதுதான்ட்டி எனக்க எழும்பின மொகம். இதுவர நீ பாத்ததெல்லாம் குளிச்சது." உன் அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

படங்களைப் பார்ப்பதை நீ நிறுத்தவில்லை. பொத்தானைத் தட்ட விரலுக்குப் பலம் இல்லாதபோது நான் தட்டினேன், நீ பார்த்தாய். நீ கடைசியாகப் பார்த்த படத்தில் மேகம், செயற்கைக்கோள் கோடு, எல்லாம் இருந்தது. நான் தள்ளு என்று போட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டே, "நல்லது" என்றாய். வலியில் முனகியதோ, மதிப்புப் போட்டதோ தெரியவில்லை. உன் கட்டத்தில் நல்லது என்றே போட்டேன்.

நீ போன மறுநாள் உன் ஊர் ஜங்ஷனில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். பேருந்திலிருந்து இறங்கி நிமிர்ந்து பார்த்தேன், எனக்கு ஆள் தெரியவில்லை. மார்த்தாண்டத்து ஸ்டூடியோக்காரன் உன் முகத்தை மாவு பூசினதுபோல் வெளுத்துவிட்டிருந்தான். புருவத்துக்கு நடுவே சின்னம்மை விட்டுப்போன குழி, நீ யோசிக்கும்போது தடவிக்கொண்டே இருப்பாயே, அதைக் காணோம். கழுவியெடுத்துவிட்டான். எனக்கு வந்த கோபத்தில் நேராகச் செல்வினிடம் போய் நின்றேன்.

"அந்தப் படத்த எறக்கு அண்ணா. அது அவ இல்ல."

"இப்ப இதா முக்கியம்? செத்த வீட்டுல வச்சுப் பேசுக பேச்சா இது?" என்றான். அழுது அழுது அவன் கண் வீங்கியிருந்தது. அவன்மேலும் தப்பில்லை. நல்ல படமாகப் போடு என்றுதான் அவனும் சொல்லியிருப்பான்.

உன் அம்மாதான் சுவரில் சாய்ந்தபடியே அவனிடம் சொன்னாள். "அவ சொல்லுகது செரிதான் மக்ளே. அந்தக் குழியில நான் எத்தற முத்தம் கொடுத்திருக்கேன். அது இல்லாம எனக்க பிள்ளைய எப்படித் தெரியும்?"

ஃபிளெக்ஸ் மழையில் கிழியும்வரை அப்படியேதான் நின்றது. ஆனால் நினைவு ஆராதனைக்கு அடித்த அட்டையில் என் போனிலிருந்த படத்தை அப்படியே போட்டார்கள். குழியும் இருந்தது, தூக்கக் கலக்கமும் இருந்தது. அதில் ஒன்று இந்த மேசைமேல், உன் திரைக்கு முன்னால் சாய்த்து வைத்திருக்கிறேன்.

உனக்குப் பதிலாக இன்னும் யாரையும் அனுப்பவில்லை. ஆள் கிடைக்கும்வரை இரண்டு கட்டத்தையும் நீங்களே போடுங்கள் என்றார்கள். போட்டுக்கொண்டிருந்தேன். மழைக்கு மூடுவதற்கு முன்னால் மேலதிகாரி அம்மா போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. "நீங்க நெறைய நல்ல படங்களத் தள்ளிடறீங்களே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். போனை வைத்துவிட்டு, தள்ளிய படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. மூலையில் ஒரு மேகக்கீற்று, அவ்வளவுதான். நீ விட்டுவிடுவாய் என்று இறுக்கிப் பிடித்த கை, நீ போனபின்னும் அதே இறுக்கத்தில் இருந்திருக்கிறது. அது யாரைச் சரிசெய்ய இருந்ததோ அவள் இல்லை. எனக்கு அன்று உன்மேல் எரிச்சலாக வந்தது. இப்படிப் பாதிக் கணக்கோடு என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாயே என்று.

அதிலிருந்து முதல் கட்டத்தில் என் மதிப்பைப் போட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து, சவத்த விடுட்டி என்று எனக்கு நானே உரக்கச் சொல்லிக்கொண்டு இரண்டாவது கட்டத்தில் உன்னுடையதைப் போடுகிறேன். கீழே மருந்துக்கடைக்காரர் நான் போனில் யாரையோ திட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். உன்னிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது அந்தத் தாராளம் ஒன்றுதான். அதுவும் எனக்கு இயல்பாக வருவதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் உன் குரலைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

இனி இன்றைய கதைக்கு வருகிறேன். மூலப்படத்தில் வடை இல்லை என்றேனே. மழைக்காலத்தில் கேமராவின் கண்ணாடியைத் துடைத்திருக்கிறார்கள். மலையிலிருந்து வந்த கடிதத்தில் ஒற்றை வரியாக அது இருந்தது. சரி என்று திருத்திய படத்தைத் திறந்தேன். நாற்காலியைத் திரும்ப இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், ஏட்டி. அதே மூலையில், அதே அளவில், வளையம். ஆனால் இருட்டாக இல்லை. பளீரென்று வெளிச்சமாக இருந்தது.

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூசி இருந்த காலத்தில் எடுத்து வைத்த வெற்றுப்படத்தைக் கொண்டுதான் நிரல் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறது. அந்த மூலையில் வெளிச்சம் குறையும் என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது; குறைவை ஈடுகட்ட அங்கே ஒளியைக் கூட்டிப் போடுகிறது. குறைத்துக்கொண்டிருந்த ஒன்று இப்போது இல்லை என்பது அதற்குத் தெரியாது. பொத்தானைத் தட்டினேன். எழும்பின முகத்தில் ஒன்றுமில்லை. குளித்த முகத்தில் வளையம். தட்டித் தட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி தலைக்கு மேல் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

முதல் கட்டத்தில் தள்ளு என்று போட்டேன். இரண்டாவது கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. நடுவில் விண்மீன் மண்டலம் அழகாகத்தான் இருந்தது. வளையம் ஓரத்தில்தானே. சவத்த விடுட்டி என்று சொல்லப்போனேன். சொல்லிவிட்டால் இந்த வளையம் நல்ல படம் என்ற பெயரில் எங்காவது ஓரிடத்தில் இருந்துகொண்டிருக்கும். எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. மனம் விட்டுச் சொல்கிறேன், மிகவும் வேண்டும் என்று இருந்தது.

அப்போது களியக்காவிளை வெயில் ஞாபகம் வந்தது. ஃபிலிம்களை அதனதன் உறையில் போட்ட உன் கை ஞாபகம் வந்தது. உன் கட்டத்திலும் தள்ளு என்று போட்டேன். உனக்காக நான் போட்ட முதல் தள்ளு இது. புதிய வெற்றுப்படம் எடுத்து அனுப்புங்கள் என்று மலைக்கும் எழுதினேன். அது வந்துவிட்டால் பிறகு எந்தப் படத்திலும், முன்னும் சரி பின்னும் சரி, வடை இருந்த தடமே இருக்காது.

காரணம் எழுத ஒரு சின்ன இடம் உண்டு. அதில் எழுதினேன்: "தூசி போய்விட்டது. திருத்தம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது."

அனுப்பிவிட்டு அடுத்த படத்தைத் திறந்தேன். அதிலும் வளையம் இருந்தது.